கண்ணைக் கசக்கினீங்களா, அக்கா?

இறுக்கித் தைத்துவிட்டு, தைத்த நூலைப் பத்துப் பதினைந்து நாளில் தானே வெட்டிவிடுகிற தொழில் ஒன்று உண்டு. அதைக் கோலாலம்பூரில் பதினோரு வருடம் செய்து நல்ல பெயரும் வாங்கியவன் நான்.

கண் அழுத்த நோய் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணுக்குள் நீர் தேங்கி, அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே போகும். போன பார்வை போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றத்தான் ஆபரேஷன். மேல் இமைக்கு அடியில் வெள்ளை விழியில் ஒரு குட்டிக் கதவு வெட்டி, நீர் கசிய வழிசெய்வோம். கதவை அப்படியே விட்டால் நீர் மொத்தமும் ஓடிவிடும். அதனால் தலைமுடியைவிட மெல்லிய கறுப்பு நைலான் நூலில் நாலு தையல் போட்டு இறுக்கிவைப்போம். புண் கொஞ்சம் ஆறியதும் லேசரால் ஒவ்வொரு தையலாக வெட்டித் தளர்த்துவோம். ரொம்பத் தாமதித்தால் கதவு தழும்பாகி மூடிக்கொள்ளும். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

இதைப் படிக்கிற எல்லாரும் டாக்டர்கள் இல்லை, தெரியும். ஆனால் தான் செய்த தப்பை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு, கேன்டீனில் டீ தொண்டையில் இறங்காமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் இருப்பீர்கள். நாமெல்லாம் ஒரே கட்சி. கூச்சப்படாமல் படியுங்கள்.

விளக்கம் சொன்னது

தொண்ணூறுகளின் ஆரம்பம். எங்கள் ஆஸ்பத்திரிக்கு லேசர் வந்த புதிது. ஃப்ரிட்ஜ் அளவில் ஒரு பெட்டி, அதற்குக் குளிர்சாதன அறை. எங்களுக்கெல்லாம் வேர்த்துக் கொட்டிய வார்டுகள் இருந்த காலத்தில் அந்தப் பெட்டி மட்டும் சுகமாக இருந்தது. அதை இயக்கத் தெரிந்த இரண்டு பேரில் நான் ஒருவன் என்பதால் எனக்கு நடையே மாறிவிட்டிருந்தது.

முதல் நோயாளிகளில் ஒருவர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்து வந்த ரிட்டயர்டு கிளார்க். முப்பது வருடம் கவர்மென்ட் ஃபைல்களைக் கட்டி அவிழ்த்தவர். நான் படம் வரைந்து, கதவு வரைந்து, தையல் வரைந்து, பச்சை வெளிச்சம் எப்படி விழியின் மேல்தோலைத் தொடாமல் அடியில் இருக்கும் நூலை மட்டும் வெட்டும் என்று கால் மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு, என் படத்தைத் தலைகீழாகவும் ஒருதரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“இவ்வளவு சுத்தி வர்றதுக்கு, மொதல்லயே கொஞ்சம் லூசா தச்சிருக்கலாம் லா, டாக்டர்.”

வெட்டுப்பட்டது வேறு

லேசரில் நூலை வெட்டும்போது ஒரு சின்னக் கண்ணாடி வில்லையை விழியின் மேல் வைத்து அழுத்துவோம். அழுத்தினால் தோல் வெளுத்து, அடியில் உள்ள நூல் கறுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் குறிவைத்துக் காலால் பெடலை மிதிக்க வேண்டும். டிக் என்று ஒரு சத்தம், ஒரு பச்சை மின்னல். நூலின் இரண்டு முனையும் விலகி ஓடும்.

ஒரு நாள் காலையில் கோடு அபாரமாகத் தெரிந்தது. மிதித்தேன். கோடு சுருண்டது. “வெட்டியாச்சு, இனி அழுத்தம் தானாக இறங்கும்” என்று நோயாளியிடம் அறிவித்துவிட்டேன். அவர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். பிறகு அளந்து பார்த்தால் அழுத்தம் போட்டது போட்டபடி இருக்கிறது. எங்கள் லேசர் அறையின் நர்ஸ் சிஸ்டர் ஸ்டெல்லா, செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். எதற்கும் குரலை உயர்த்தாதவர். அவர் வில்லையைக் கழுவ எடுத்துப் போனார், திரும்பி வந்தார். வில்லையின் ஓரத்தில் நுனி கருகிய இமைமுடி ஒன்று ஒட்டியிருந்தது. நோயாளியை மறுபடி உட்காரவைத்து உண்மையான தையலை வெட்டினேன். என்ன நடந்தது என்று அவரிடம் சொல்லவில்லை. ‘இன்னொரு தடவை பார்த்துவிடுவோம்’ என்று மட்டும் சொன்னேன். பார்க்கும் முன்பே அறிவித்துவிடுகிற வியாதியும், பிறகு வாயை மூடிக்கொள்கிற வியாதியும் எனக்கு அப்போதே இருந்திருக்கிறது. அவர் போன பிறகு ஸ்டெல்லா கேட்டார்:

“ரிப்போர்ட்ல என்ன எழுதறது டாக்டர், தையல்னா, முடின்னா?”

ஒண்டே ஒண்டு

எங்கள் துறைத் தலைவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம். பிறந்தது இங்கேதான் என்றாலும் வாய் யாழ்ப்பாணத்தை விடவில்லை. அவர் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. ஒரு நாளைக்கு ஒரு தையல். வெட்டு, அளந்து பார், வீட்டுக்கு அனுப்பு. சில நாள் கழித்து வரட்டும், தேவைப்பட்டால் அடுத்ததை வெட்டு. கிள்ளானிலிருந்தும் செலாயாங்கிலிருந்தும் பஸ் மாறி வருகிறவர்களை இப்படி அலைக்கழிக்கலாமா என்று நான் ஒருதரம் நியாயம் பேசினேன். அவர் ஃபைலை மூடிவிட்டு என்னைப் பார்த்தார்.

“நூலை வெட்ட ஒரு செக்கன் காணும், தம்பி. வெட்டின நூலைத் திருப்பி ஒட்ட உமக்கு ஏதும் மிசின் தெரியுமோ?”

அஞ்சலை அக்கா

அந்தச் சட்டத்தின்படிதான் அஞ்சலைக்கு முதல் தையலை வெட்டினேன். நாற்பத்தைந்து வயது. கிள்ளானில் ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் செக்கிங் வேலை. கையுறைக்குள் காற்று நிரப்பி வெளிச்சத்தில் பிடித்து, ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக் கழிக்க வேண்டும். பத்தொன்பது வருடம் பார்த்தவர். இடது கண் எங்களிடம் வருவதற்கு முன்பே போய்விட்டிருந்தது. அவருக்கு அது போனதே தெரியாது. வலது கண்ணை ஒருநாள் தற்செயலாக மூடியபோதுதான் உலகமே இருட்டாக இருப்பதைக் கவனித்திருக்கிறார். ஆகவே நாங்கள் ஆபரேஷன் செய்த வலது கண்தான் அவருக்கு மிச்சம். வேலையும் அதில்தான், நடமாட்டமும் அதில்தான்.

பயந்துகொண்டே மோவாயைத் தாங்கியில் வைத்தார். “ஒரு தடவை டிக்குன்னு கேக்கும் அக்கா, ஆடாம இருங்க” என்றேன். டிக். நூல் விலகியது. முப்பத்திரண்டு இருந்த அழுத்தம் இருபத்தாறுக்கு வந்தது. இருபதுக்குக் கீழே வந்தால் எங்களுக்கு நிம்மதி. இன்னொரு தையல் வெட்ட வேண்டியிருக்கும், அடுத்த வாரம் வாருங்கள் என்றேன். வெளியே பெஞ்சில் காத்திருந்த அவர் கணவர் ஆறுமுகம், துறைமுகத்துக்கு லோரி ஓட்டுகிறவர், எழுந்து ஓடிவந்தார். அஞ்சலை அவரைப் பார்த்துச் சிரித்தார்.

“ஒரு டிக்கு, ஒரு பச்ச மின்னலு, அவ்வளவுதான். இதுக்காய்யா நீ ராவெல்லாம் சாமிய கும்பிட்ட?”

விருந்தாளிகள்

அடுத்த வாரம் அஞ்சலை வந்த நாளில் தலைவர் வெளியூர் போயிருந்தார். வெளிநாட்டிலிருந்து ஒரு பேராசிரியர் எங்கள் துறையைப் பார்க்க வந்திருந்தார், கூடவே நாலு இளம் டாக்டர்கள். மேற்படிப்புக்கு அவர் எழுதும் ஒரு கடிதம் எனக்குப் பெரிய கதவைத் திறந்துவிடும் என்று துறையில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு ரொம்பவே தெரியும். லேசரில் பக்கத்தில் நிற்பவர் எட்டிப் பார்க்க ஒரு குழாய் உண்டு. பேராசிரியர் அதில் கண்ணை வைத்தார். நான் வில்லையை அழுத்தி, குறிவைத்து, மிதித்தேன். அழகாக வெட்டுப்பட்டது. அளந்தேன், பதினாலு. அதைவிட நல்ல எண் கிடையாது. அங்கேயே எழுந்திருக்க வேண்டும்.

கண் சிமிட்டிவிட்டேன், நூல் விலகியதைப் பார்க்கவில்லையே என்றார் பேராசிரியர். நான் “ஒன் மோர்” என்றேன். அஞ்சலையின் மோவாய் இன்னும் தாங்கியில்தான் இருந்தது. சிஸ்டர் ஸ்டெல்லா என் முதுகுக்குப் பின்னாலிருந்து, “போதும் டாக்டர், சுடா சுக்குப் லா” என்று தமிழிலும் மலாயிலும் மெதுவாகச் சொன்னார். கேட்டது. கேட்காத மாதிரி மூன்றாவது தையலில் குறிவைத்தேன். அஞ்சலைக்கு மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. தொழிற்சாலையில் வேலை பார்க்கிற அம்மாவுக்கு என்ன புரியப்போகிறது என்ற நினைப்பு. டிக். இந்த முறை பேராசிரியர் கண்ணைச் சிமிட்டவில்லை.

“பியூட்டிஃபுல், டாக்டர், பியூட்டிஃபுல்!”

ஒரு கேள்வி

இரண்டாம் நாள் காலை, முன்பதிவு இல்லாமல் அஞ்சலை வந்தார். ஆறுமுகம் அண்ணன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். எல்லாம் புகைமூட்டமாகத் தெரிகிறதாம், பஸ் நம்பர் படிக்க முடியவில்லையாம். அழுத்தம் மூன்று. நீர் முழுக்கக் கதவு வழியாக ஓடிவிட்டிருந்தது. கண் துவண்டு, உள்ளே ஒன்றோடொன்று ஒட்டுகிற நிலை. கண் டாக்டர் அல்லாத யாருக்கும் அதைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. நான் மறுபடியும் அளந்தேன், அதே மூன்று. இருக்கிற ஒரு கண்ணை நானே காலி செய்துவிட்டேனோ என்று நினைத்தேன்.

அவருடைய சிகிச்சை அட்டையைப் புரட்டினேன். ‘தையல் வெட்டப்பட்டது’ என்று என் கையெழுத்து. எத்தனை என்று எழுதவில்லை. மறதியால் எழுதாமல் விட்டேன் என்று இங்கே சொன்னால் நீங்கள் நம்பக்கூடும், ஆனால் மறதி இல்லை. ஆறுமுகம் அண்ணன், “என்னாச்சு டாக்டர்? போன தடவ நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார். அவர் குரலில் கோபம்கூட இல்லை. என் வாய் தானாகத் திறந்தது. “கண்ணைக் கசக்கினீங்களா, அக்கா?” என்று கேட்டேன். கேட்கும்போதே அது கேள்வி இல்லை, தீர்ப்பு என்று எனக்குத் தெரியும். ஆறுமுகம் அண்ணன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அஞ்சலை அட்டையைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

“மன்னிச்சிருங்க டாக்டர். தூக்கத்துல கை பட்டிருக்கும் போல.”

முடிச்சு

கண்ணுக்கு இறுக்கமான கட்டு, சொட்டு மருந்து, குனியக்கூடாது, பளு தூக்கக்கூடாது, தினமும் வந்து காட்ட வேண்டும். தலைவர் திரும்பி வந்து பார்த்தார். “கசக்கினவவோ?” என்று கேட்டார். நான் தலையாட்டினேன். அவர் என்னைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்த மாதிரி இருந்தது. ஒருவேளை அது என் மனசாட்சியின் வேலையாகவும் இருக்கலாம். வேறெதற்கும் அது வேலை செய்யவில்லை.

கட்டுப் போட்ட நாலாம் நாள் அதைப் பிரிக்கும்போது அஞ்சலையின் இரண்டு மணிக்கட்டிலும் சிவந்த தடம் பார்த்தேன். வளையல் தடம் இல்லை. என்ன அக்கா இது என்றேன். அவர் கையை மடியில் மறைத்துக்கொண்டார். ஆறுமுகம் அண்ணன்தான் பெருமையாகச் சொன்னார். மறுபடி தூக்கத்தில் கசக்கிவிடக் கூடாது என்று, படுக்கப் போகும்போது தன் துண்டால் இரண்டு கையையும் கட்டில் சட்டத்தோடு சேர்த்துக் கட்டிவிடுகிறாராம். மூன்று நாளாக. நான் சொன்ன ஒரு வார்த்தைக்காக. சிஸ்டர் ஸ்டெல்லா சொட்டு மருந்துப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். இப்போதாவது சொல்லியிருக்கலாம். “அவ்வளவு வேண்டாம் அண்ணே, இந்தக் கட்டே போதும்” என்று மட்டும் முனகினேன். அவர் எனக்குத் தைரியம் சொன்னார்:

“நீங்க கவலப்படாதீங்க டாக்டர், முடிச்ச நல்லா இறுக்கித்தான் போட்டிருக்கேன்.”

பெஞ்சில் நடந்த பிரசங்கம்

கண் மெல்ல மெல்லத் தேறியது. மூன்றாவது வாரத்தில் அழுத்தம் ஒன்பதுக்கு வந்து நின்றது. கண் பிழைத்துக்கொண்டது என்று தலைவர் சொன்ன அன்று நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். ஆனால் எழுத்துப் பலகையில் முன்பு படித்த கடைசி இரண்டு வரியை அஞ்சலையால் படிக்க முடியவில்லை. தொழிற்சாலையில் செக்கிங்கில் இருந்து எடுத்து, பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் வெளிச்சத்தில் ஓட்டை தேடியவர், இப்போது பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தார்.

அதே வாரம் பேராசிரியரின் கடிதம் வந்தது. என் கை நிதானத்தைப் பாராட்டி ஒரு முழுப் பத்தி. நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். அதற்கு நேர் எதிரே நோயாளிகள் உட்காரும் பெஞ்ச். ஒருநாள் அங்கே அஞ்சலை புதிதாக ஆபரேஷன் ஆனவர்களிடம் தன் கதையைச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கதவிடுக்கில் கேட்டேன். “டாக்டர் நல்லாத்தான் செஞ்சாரு, நான்தான் கசக்கிக் கெடுத்துக்கிட்டேன், நீங்க கைய வைக்காதீங்க” என்கிறார். ஒரு சீனக் கிழவருக்கு மலாயில் வேறு மொழிபெயர்த்தார். கடிதத்தைப் படிப்பதா, அஞ்சலையைக் கேட்பதா என்று தெரியாமல் உள்ளேயே நின்றேன். பஞ்சு உருட்டிக்கொண்டிருந்த சிஸ்டர் ஸ்டெல்லா தலையைத் தூக்காமல் சொன்னார்:

“உங்களுக்காகப் பொய் சொல்ல வெளியில ஒரு ஆளு உக்காந்திருக்கு டாக்டர். நீங்க உள்ள நிம்மதியா இருங்க.”

ஒன் மோர்

அடுத்த முறை அஞ்சலை வந்தபோது ஆறுமுகம் அண்ணனை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினேன். ஒரு வாரமாக மனப்பாடம் செய்த வாக்கியங்கள் எல்லாம் போன இடம் தெரியவில்லை. “அக்கா, நீங்க கசக்கல. ஒரு தையலோடு நிறுத்தியிருக்கணும், நான் ரெண்டு வெட்டிட்டேன்” என்றேன். அழுவார், கத்துவார், கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுப்பார் என்று எல்லாவற்றுக்கும் தயாராக இருந்தேன். அஞ்சலை கைப்பையைத் திறந்து கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, “தெரியும் டாக்டர்” என்றார். “நீங்க அந்த வெள்ளக்காரர்கிட்ட ஒன் மோர்னு சொன்னீங்க. ஒன் மோர்கூடவா எனக்குத் தெரியாது? எங்க சூப்பர்வைசர் தெனமும் சொல்றதுதான். சிஸ்டர் போதும்னு சொன்னதும் கேட்டுச்சு. ரெண்டு டிக்கு.”

பின்னே ஏன் அக்கா பழியை வாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். “கசக்கினியான்னு கேக்கறப்ப உங்க கை அப்படி நடுங்குச்சு. எனக்கு இருக்கறது ஒத்தக் கண்ணு. நடுங்குற ஆளப் போட்டு இன்னும் நடுங்க வச்சா, அப்புறம் அத யாரு பாக்கறது? இவருகிட்ட சொன்னா ஆஸ்பத்திரிய ரெண்டாக்கிருவாரு. கையக் கட்டுனா கட்டிட்டுப் போறாருன்னு விட்டுட்டேன்” என்றார். பிறகு எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டார். “எனக்குச் சொல்ல வேணாம், எனக்குத்தான் தெரியுமே. வெளியில உக்காந்திருக்காரு பாருங்க, அங்க போய்ச் சொல்லுங்க. இப்ப கண்ணு தேறிருச்சு, சண்ட போட்டாலும் பரவால்ல.”

கதவிலிருந்து அந்தப் பெஞ்சுக்கு எட்டு அடிதான் இருக்கும். என் பாராட்டுக் கடிதத்துக்கு நேர் எதிரே ஆறுமுகம் அண்ணன் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனை தையல் என்பதையும், ஏன் என்பதையும். பெஞ்சில் இருந்த மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். அவர் அடிக்கவில்லை. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து போய், வாசலுக்கு வந்து நின்ற மனைவியின் கையைத் தூக்கி, தடம் மறைந்துபோயிருந்த மணிக்கட்டைத் தன் விரலால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“ரொம்ப இறுக்கிட்டேனா, அஞ்சல?”

பதினோரு வருடத்தில் எத்தனை தையல் வெட்டினீர்கள் என்று இப்போது யாராவது கேட்டால், வெட்ட வேண்டியதைவிட ஒன்று அதிகம் என்று சொல்லிவிடுகிறேன்.